துணை நாய்களும் பஸ் பிரயாணமும்

பார்வையற்ற ஒருவர் தமது வழிகாட்டி நாயுடன் பஸ்ஸில் ஏறும்போது அவரைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை என்பது அமெரிக்காவில் நிலைபெற்றுவிட்ட சட்டம். 1990-ம் ஆண்டில் நிறைவேறிய உடற்குறையுடையோர் சட்டமும், அதையொட்டிப் போக்குவரத்து இலாகா வகுத்த விதிகளும் இவ்வுரிமையை உறுதி செய்திருக்கின்றன. இது எளிதில் கிட்டியதன்று. மாரிஸ் பிராங்க் என்ற பார்வையற்ற வாலிபர், ஸ்விட்ஸர்லாந்தில் பழக்கப்பட்ட 'படி' என்னும் நாயுடன் 1928-ல் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டில் டாரதி யூஸ்டிஸ் அம்மையாருடன் சேர்ந்து 'ஸீயிங் ஐ' பள்ளியை ஸ்தாபித்தார். நாய்க்கு இடமில்லை என்ற வார்த்தையை ரயிலிலும் ஹோட்டலிலும் கேட்டுக் கேட்டு, அதை மாற்றுவதற்காக அவர் ஊர் ஊராகச் சென்று வாதாட வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சட்டத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. பயிற்சி முடிந்த நாய்க்கே அது பாதுகாப்பளிக்கிறது. பயிற்சியிலிருக்கும் நாய்க்கு அளிக்கவில்லை. தனித்தனி ராஜ்யங்கள் பல இக்குறையைத் தத்தம் சட்டங்களால் நிவர்த்தி செய்திருக்கின்றன. ஆனால் அவை ஒன்றுபோல் இல்லை. ஓர் எல்லையில் கிடைக்கும் உரிமை மறு எல்லையில் மறைந்து போகலாம். பஸ்ஸில் பழகிய நாயே பஸ்ஸில் ஏறலாம் என்றால், பழகுவது எங்கே? தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்றவர் உண்டோ?

பஸ் பிரயாணம் நாய்க்கு இயல்பான காரியமன்று. பிரயாணிகள் எளிதில் ஏறும்பொருட்டு வண்டி தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்போது காற்று சீறுகிறது. கதவு படீரென்று திறக்கிறது. காலடியில் தரை அதிர்கிறது. ஆகையால் அனுபவசாலிகள் படிப்படியாகவே கற்பிக்கிறார்கள். முதலில் நிறுத்தி வைத்த, எஞ்சின் ஓடாத பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறார்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பழக்குகிறார்கள். அதன் பின்னரே கூட்டமில்லாத நேரத்தில் சிறிது தூரம் அழைத்துச் செல்கிறார்கள். வாலும் பாதமும் நடைவழியில் நீளாதபடி, ஆசனத்தின் அடியில் அது அசையாது படுத்திருக்க வேண்டும்.

எஜமானருக்கும் பாடம் உண்டு. எந்த எண்ணுள்ள பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது என்பன நாய்க்குத் தெரியா. அவற்றை அறிய வேண்டியவர் எஜமானரே. முக்கியமான நிறுத்தங்களை உரக்க அறிவிக்க வேண்டுமென்று விதி இருப்பதும் இதனால்தான்.

மூன்றாவது மாணவர் டிரைவர். இது உடற்குறை காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையே அவர் கேட்கலாம். அத்தாட்சிப் பத்திரம் கேட்கலாகாது. அதிகக் கட்டணம் வசூலிக்கலாகாது.

நாயென்றால் அஞ்சுவோரும், அதன் ரோமத்தால் உபாதையுறுவோரும் உண்டே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர்களுக்குத் தூரத்தில் ஆசனம் அளிப்பது நியாயம். நாயை நம்பி வந்தவரை வீதியில் விட்டுப்போவது நியாயமாகாது. வளர்ப்பு நாயைத் துணை நாயென்று பொய் சொல்லி ஏற்றுவோரும் இருக்கிறார்கள் என்பது மெய்யே. அதற்குப் பரிகாரம் பத்திரமன்று, நடத்தையே. அடங்காத நாயை இறக்கிவிட இப்பொழுதே சட்டம் இடந்தருகிறது. நன்கு பயின்ற நாய்கள் பெருகினால் போலிகள் தாமே வெளிப்பட்டுவிடும்.

இந்நிலையில் செய்ய வேண்டியவை இரண்டு. பயிற்றுபவருடன் வரும் நாயையும் தேச முழுமைக்குமான சட்டத்தின் பாதுகாப்பில் சேர்ப்பது முதலாவது. பஸ் ஸ்தாபனங்கள் ஓய்ந்திருக்கும் வண்டியொன்றை மாதத்தில் சில மணி நேரம் பயிற்சிக்கென ஒதுக்கி, டிரைவர்களையும் அங்கே வரச் செய்வது இரண்டாவது. தமது நாயைத் தாமே பழக்கிக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பள்ளியின் உதவியின்றி அவ்வாறு பழக்குவோருக்கு இது பேருதவியாகும். செலவோ சொற்பம்.

மோட்டார் ஓட்ட இயலாதவருக்கு பஸ்ஸே உத்தியோகத்துக்கும் வைத்தியசாலைக்கும் கடைக்கும் வழி. அவ்வழி அடைபட்டால் அவர் வீட்டிலேயே சிறைப்பட்டவராகிறார். நாய்க்கு இடந்தருவது நாய்க்குச் செய்யும் தயவன்று. ஒரு பிரஜைக்குச் சேர வேண்டிய பாத்தியதை. சட்டம் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே ஏறிவரும் வழியையும் கற்பித்தாலன்றி அவ்வுரிமை பூர்த்தியாகாது என்பதே நமது உறுதியான அபிப்பிராயம்.