கிரவுண்டுக்கு எத்தனை கேட்? பாம்பன் பிள்ளைகளின் விளையாட்டும் வியன்னா கண்டுபிடித்த விடையும்

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, மன்னார் வளைகுடாவில் முங்கி எழுகிறார்கள். தலைமுறைகளாக நடக்கிற வேலை.

இனி அந்தக் கரைப்பக்கம் சாயங்காலம் யார் விளையாடுறாங்கன்னு கவனிங்க. நடு மணலில் பசங்களின் கிரிக்கெட். பொம்பளைப் பிள்ளைகள் வீட்டு வாசலை ஒட்டி, பாண்டிக் கட்டத்துக்குள். பத்து வயசு தாண்டினால் அவர்களிலும் பல பேரைக் காணோம்.

"பொண்ணுங்களுக்கு ஓடியாடுறதுல ஆர்வம் இல்ல" என்பதுதான் வழக்கமான பதில். அம்மாக்கள் கடலுக்குள் முங்குகிற ஊரில் இந்தப் பதில் செல்லுபடியாகுமா? என்னைக் கேட்டால், கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, இடத்தைப் பிரித்த விதத்தில் இருக்கு.

அமெரிக்கச் சமூகவியலாளர் பேரி தார்ன் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளோடு இருந்து கவனித்து, 1993-இல் 'ஜெண்டர் ப்ளே' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பெரிய மைதானங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெண் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு வரை அதிக இடம் ஆண் பிள்ளைகள் கையில் இருந்தது. ஆனால் அதே வயசுப் பிள்ளைகள் வீட்டுத் தெருவில் இன்னும் சகஜமாகக் கலந்து விளையாடுவதாகவும் அவர் எழுதினார். இடம் மாறினால் விளையாட்டும் மாறுகிறது.

இதைச் சோதித்துப் பார்த்த நகரம் வியன்னா. பத்து வயசுக்கு மேல் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதை 1990-களில் அங்கே கவனித்தார்கள். கம்பி வேலி போட்ட பந்து மைதானத்துக்கு ஒரே வாசல். அங்கே பையன்கள் கூட்டமாக நின்றால் யார் உள்ளே போவா? 1999-இல் மார்கரெட்டன் பகுதியில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். வாசல்களைக் கூட்டினார்கள், பெரிய திடலைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள், விளக்கு போட்டார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். பையன்களை யாரும் வெளியே அனுப்பவில்லை.

நம்ம ஊர்ப் பூங்காவின் வழக்கமான வரைபடம் தெரியும்தானே? சுற்றுச்சுவர், ஒரு கேட், நடுவில் வெட்டவெளி, மூலையில் சறுக்குமரமும் ஊஞ்சலும். ஊஞ்சலில் இருக்கும் நாலு வயசுக் குழந்தை தினமும் பார்ப்பது என்ன? நடு இடம் அண்ணன்களுக்கு, ஓரம் அக்காக்களுக்கு. யாரும் சொல்லித்தராமலே பாடம் மனசில் பதிஞ்சிடும். (ஊஞ்சலுக்குப் பிங்க் பெயின்ட் அடிப்பது இதற்குத் தீர்வு இல்லைங்க.)

செலவு எங்கே என்பார்கள். இரண்டாவது கேட்டுக்குச் சுவரில் ஒரு இடைவெளி போதும். கிரிக்கெட் ஒரு பக்கம் நடக்கட்டும். மீதியில் ஒரு த்ரோபால் கோர்ட், ஒரு கபடித் திடல். ராமநாதபுரம் வெயிலுக்கு வேம்பு நிழலில் ஒரு திண்ணை. கழிப்பறையும் விளக்கும்தான் கொஞ்சம் செலவு வைக்கும். ஆனால் அவை இரண்டும் இல்லாத இடத்துக்கு எந்த அம்மா பன்னிரண்டு வயசு மகளை அனுப்புவாங்க?

உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-இல் சட்டம் போட்ட மாநிலம் இது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் அதில் அடக்கம். பூங்காவுக்கு எஸ்டிமேட் வரும்போது டைல்ஸ் நிறத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதல்ல கேட் எத்தனை, கழிப்பறை எந்தப் பக்கம், விளக்கு எத்தனை மணி வரைக்கும்னு கேளுங்க.