தண்டனையை விளங்க முடியாதவரைத் தூக்கிலிடலாமா?

பாகிஸ்தானைச் சேர்ந்த இம்தாத் அலி, ஒரு மார்க்க அறிஞரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் 2002இல் மரண தண்டனை பெற்றவர். மனச்சிதைவு நோயாளி. இந்நோய் நிரந்தரமானதல்ல, மருந்தால் கட்டுப்படக்கூடியது, ஆகவே தூக்கை நிறுத்த இது காரணமாகாது என்று 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 2021 பிப்ரவரி 10 அன்று வேறு முடிவுக்கு வந்தது. தனக்கு ஏன் இந்தத் தண்டனை என்பதையே விளங்க முடியாத அளவுக்கு மனநோய் முற்றியவரைத் தூக்கிலிடுவது நீதியாகாது என்றது. இம்தாத் அலிக்கும், சுமார் 30 ஆண்டுகளைச் சிறையில் கழித்த கனீஸான் பீவிக்கும் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. இருவரையும் லாகூர் மனநல மருத்துவமனைக்கு மாற்றவும் உத்தரவானது.

இத்தகைய செய்தியைப் படித்ததும், பைத்தியக்காரர் தெளிவடையும்வரை அவரை விட்டும் பேனா உயர்த்தப்பட்டுள்ளது என்ற ஹதீஸ் நமக்கு நினைவுக்கு வரும். தாமாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்களின் புத்தி நிலையை நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததும் நினைவுக்கு வரும்.

ஆனால் அந்த ஹதீஸ் முதலில் பேசுவது, குற்றம் செய்த நேரத்தில் புத்தி இல்லாதவரைப் பற்றி. புத்தியோடு கொலை செய்து, பிறகு புத்தி இழந்தவர்? இங்கே இமாம்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் கிஸாஸ் நீங்காது. மாலிக்கி மத்ஹபில் தெளிவடையும்வரை காத்திருக்க வேண்டும். ஹனஃபிகளோ புத்தி நீங்கியது எந்தக் கட்டத்தில் என்று பார்க்கிறார்கள். இதை மறைத்துவிட்டு, 'இஸ்லாம் அன்றே சொல்லிவிட்டது' என்று ஒரே வரியில் முடிப்பது சரியல்ல.

எனினும் இந்தத் தீர்ப்பு ஷரீஅத்துக்கு முரண் என்று நான் கருதவில்லை. கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்குரிய உரிமை கிஸாஸ். பாகிஸ்தானில் பெரும்பாலான மரண தண்டனைகளோ அரசு விதிக்கும் தஅஸீர். அதைக் குறைக்க நீதிபதிக்கு இடமுண்டு. தூக்குக்காகவே ஒருவர் 20, 30 வருடம் கொட்டடியில் காத்திருந்து அங்கேயே புத்தி பேதலிக்கும் நிலையை நம் முன்னோர்களின் நூல்கள் கண்டதுமில்லை.

எல்லா மனநோயாளிக்கும் இந்தச் சலுகை கிடையாது என்றும் நீதிமன்றம் கூறியுள்ளது. மருத்துவக் குழு பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும். இதே வழக்கில் மூன்றாமவரான குலாம் அப்பாஸின் தண்டனை குறைக்கப்படவில்லை. புதிதாகக் கருணை மனு அளிக்கவே வழிவிடப்பட்டது.