விழுந்த பிறகா குரல் கொடுப்பது?

2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து ரோந்து சென்ற கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் காணாமல்போனது. அடுத்த ஆண்டு ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32, 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்தது. டோர்னியரின் கறுப்புப் பெட்டி சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு மாதத்தில் மீட்கப்பட்டது. ஏஎன்-32-இன் சிதைவுகள் எனக் கருதப்படுபவை 2024 ஜனவரியில்தான் தெரியவந்தன: சென்னைக் கடற்கரையிலிருந்து 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில்.

இந்த வேறுபாட்டுக்கு ஆழம் மட்டுமே காரணம் அல்ல. டோர்னியரில், தண்ணீருக்கு அடியிலும் ஒலியெழுப்பும் கருவி இருந்தது. சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பலுக்கு அந்த ஒலி கேட்டது. ஏஎன்-32-இல் அது இல்லை என்று அப்போதே செய்திகள் வெளிவந்தன.

விமானங்களில் பொதுவாக இருப்பது ‘ஈஎல்டி’ எனப்படும் அவசர இடங்காட்டி. மோதலின் அதிர்ச்சியில் தானே விழித்து, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள்களுக்குச் சமிக்ஞை அனுப்பும். 1982 முதல் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களின் உதவியால் ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்திருக்கிறார்கள். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால், எந்த மோதலை அறிவிக்க வேண்டுமோ அதே மோதலில் இந்தக் கருவியும் சிக்குகிறது. ஆன்டெனாவின் கம்பி அறுந்தால் போதும், கருவி நன்றாக இருந்தும் ஊமையாகிவிடும். தீயில் கருகலாம். கடலில் மூழ்கினால் பேச்சே இல்லை. அந்த ரேடியோ அலை தண்ணீரைத் துளைத்து மேலே வராது. ஈஎல்டி செயல்பட்டிருக்க வேண்டிய விபத்துகளில் ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதத்தில்தான் அது சரியாகச் செயல்பட்டது என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் கூறியது. பயணிகளுடன் காணாமல்போன மலேசியாவின் எம்ஹெச்370 விமானத்தில் நான்கு ஈஎல்டிகள் இருந்தன. ஒன்றிலிருந்தும் சமிக்ஞை வரவில்லை.

அந்தத் துயரத்துக்குப் பிறகு உலகம் சரியான முடிவுக்கு வந்தது: விமானம் விழுவதற்கு முன்பே பேச வேண்டும். 27 டன்னுக்கு மேற்பட்ட புதிய பயணிகள் விமானங்கள், ஆபத்தில் சிக்கியதும் நிமிடத்துக்கு ஒருமுறையாவது தம் இருப்பிடத்தைத் தாமாகவே அனுப்ப வேண்டும் என்கிறது சர்வதேசக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. நீருக்கடியில் ஒலிக்கும் கருவியின் பேட்டரி ஆயுளும் 30 நாட்களிலிருந்து 90 நாட்களாகியிருக்கிறது.

இந்த விதிகள் ராணுவ விமானங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே, அந்தப் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும். கடல் தாண்டிப் பறக்கும் ஒவ்வொரு ராணுவ விமானத்திலும் 90 நாள் ஒலிக்கும் கருவியையும், பறக்கும்போதே ஆபத்தை அறிவிக்கும் வசதியையும் கட்டாயமாக்க வேண்டும். பழைய விமானம் என்பது இதற்கு விலக்காகக் கூடாது. 29 குடும்பங்கள் ஒரு தடயத்துக்காக ஏழரை ஆண்டுகள் காத்திருந்தன.