சின்டெக்கானுக்கு ஏன் ‘துணை’ என்ற அடைமொழி?

உயிரணுவியல் பாடநூல்கள் பலவற்றில் செல் சவ்வின் படம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. கைனேஸ் ஏற்பிகள் தடித்த கோட்டில் நிற்கின்றன. அவற்றிலிருந்து செல்லுக்குள் அம்புகள் பாய்கின்றன. புரோட்டியோகிளைக்கான்களோ வெளிவிளிம்பில் புல் முளைத்ததுபோல் சில கீற்றுகள். அவற்றிலிருந்து உள்ளே அம்பு எதுவும் செல்வதில்லை. பக்கத்தில் ‘துணை ஏற்பி’ என்ற குறிப்பு.

இப்பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. ஹெப்பரான் சல்ஃபேட் சங்கிலி இல்லாத செல்லில், ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி தன் கைனேஸ் ஏற்பியோடு உரியவாறு இணைவதில்லை என்று 1991இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சர்க்கரைச் சங்கிலி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. செய்தியை உள்ளே கொண்டுசெல்வது கைனேஸ். அங்கே ‘துணை’ பொருத்தமான சொல். ஒரு சூழலுக்குப் பொருந்திய அச்சொல்லைக் குடும்பம் முழுவதற்கும் குலப்பெயராக ஆக்கியதுதான் பிழை.

சின்டெக்கான்-4ஐ எடுத்துக்கொள்ளலாம். பாலூட்டிகளிலுள்ள நான்கு சின்டெக்கான்களுள் அது ஒன்று. சவ்வை ஒரே முறை ஊடுருவும் இப்புரதத்தின் உள்வால் வெறும் 28 அமினோ அமிலங்கள். நொதிச் செயல் ஏதும் அதற்கில்லை. ஃபைப்ரோநெக்டினில் இன்டெக்ரின் பற்றும் துண்டின்மேல் மட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை வளர்த்தால், அவை ஒட்டுகின்றன, பரவுகின்றன. ஆனால் குவிய ஒட்டிடங்களும் இழுவிசை இழைகளும் சரிவர உருவாவதில்லை. ஹெப்பரின் பற்றும் துண்டையும் சேர்த்தால் உருவாகின்றன. அத்துண்டுக்குப் பதிலாக, சின்டெக்கான்-4இன் வெளிப்பகுதியைப் பற்றும் எதிர்ப்புரதத்தை இட்டாலும் அதே விளைவு கிடைக்கிறது. உள்வால் வெட்டப்பட்ட சின்டெக்கான்-4ஐச் செல்லில் மிகுவித்தாலோ ஒட்டிடங்கள் குறைகின்றன.

உள்ளே நடப்பதும் ஓரளவு தெளிவு. சவ்வைக் கடக்கும் பகுதிகள் இரண்டிரண்டாக இறுகப் பிணைகின்றன. வெளியே சங்கிலிகள் பற்றப்படும்போது இந்த இணைகள் மேலும் திரளுகின்றன. வாலின் நடுப்பகுதியில் லைசின் செறிந்த இடத்தில் பிப்-2 என்னும் சவ்வுக் கொழுப்பு அமர்கிறது. அந்த அமைப்பு புரோட்டீன் கைனேஸ் சி ஆல்பாவை அழைத்துச் செயலூட்டுகிறது. அங்கிருந்து வழி ரோ குடும்பப் புரதங்களுக்கும் ஆக்டின் இழைகளுக்கும் செல்கிறது. வாலின் நுனியில் சின்டெனின் முதலிய புரதங்கள் பற்றிக்கொள்ள வேறோர் இடமும் இருக்கிறது. வெளியே பற்றப்படுதல், உள்ளே வினை: ஏற்பி என்ற சொல்லுக்கு இதற்குமேல் என்ன இலக்கணம் வேண்டும்?

சொந்த நொதி வேண்டும் என்பது வழக்கமான விடை. அப்படியானால் இன்டெக்ரினுக்கும் சொந்த நொதி இல்லை. சைட்டோகைன் ஏற்பிகள் பல ஜேக் கைனேஸ்களைக் கடன்வாங்கியே இயங்குகின்றன. அவற்றை எவரும் ‘துணை’ என்று இறக்கிவைப்பதில்லை. இன்டெக்ரின் இல்லாமல் சின்டெக்கான்-4ஆல் அந்த ஒட்டிடங்களைக் கட்ட முடியாது என்பதும் உண்மைதான். மேற்சொன்ன சோதனையில் சின்டெக்கான் இல்லாமல் இன்டெக்ரினாலும் முடியவில்லையே. இருவரும் ஒருவரையொருவர் சார்ந்திருக்கையில் ஒருவருக்கு மட்டும் அடைமொழி சூட்டுவது மரபுப் பழக்கம். 1989இல் மெர்ட்டன் பெர்ன்ஃபீல்டின் குழு ‘சேர்த்துக் கட்டு’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சின்டெக்கான்’ என்ற பெயரை ஆக்கியது. அதில் தாழ்வுக் குறிப்பு ஏதும் இல்லை. (தமிழில் ‘துணை’ எப்போதும் சிறுமையும் அன்று. பல்கலைக்கழகத்தை அன்றாடம் நடத்துபவர் வேந்தரா, துணைவேந்தரா என்று மாணவர்களைக் கேட்டால் போதும்.)

பெயர் வெறும் பெயராக நின்றுவிட்டால் வாதிட ஒன்றுமில்லை. அது ஆய்வுக்கூட மேசைக்கும் வருகிறது. செல்களைத் தட்டிலிருந்து எடுக்க டிரிப்சின் இடுகிறார்கள். அது சின்டெக்கானின் வெளிப்பகுதியையே அறுத்துவிடுகிறது. ஹெப்பரான் சல்ஃபேட்டை நொதியால் நீக்காமல் ஜெல்லில் ஓட்டினால் தெளிவான பட்டைக்குப் பதில் மங்கிய தீற்றல். ‘துணை’தானே என்று நினைப்பவர் அத்தீற்றலுக்காக இன்னொரு நாள் செலவிடமாட்டார். கரைந்த ஹெப்பரினைச் சேர்த்து விளைவு திரும்பினால், சர்க்கரையே போதும் என்று முடிவெழுதுகிறார். கரைந்த ஹெப்பரினுக்கு வால் கிடையாது. வாலைப் பற்றிய கேள்வியே அச்சோதனையில் எழவில்லை.

சின்டெக்கான்-4 இல்லாத எலிகள் பிழைத்து வளர்கின்றனவே என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆம், வளர்கின்றன, தோலில் காயம் பட்டால் ஆறத் தாமதிக்கின்றன. மற்ற மூன்று சின்டெக்கான்கள் இருக்கும் உடலில், அமைதியான கூண்டில் தெரியாத குறை காயத்தில் தெரிகிறது. உயிரோடிருத்தலை மட்டும் அளவுகோலாக்கினால், ஏற்பிப் பட்டியலிலிருந்து பல புகழ்பெற்ற பெயர்களையும் அடிக்க நேரிடும்.

கிளிப்பிக்கான்களின் நிலை வேறு. அவை சவ்வின் வெளியடுக்கில் கொழுப்பு நங்கூரத்தால் மட்டும் நிற்கின்றன. உள்வால் என்பதே அவற்றுக்கு இல்லை. ‘துணை ஏற்பி’ என்பதை அவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த பதிப்பில் படம் திருத்துவோர் இவ்விரு குடும்பங்களையும் தனித்தனியே வரைந்து, சின்டெக்கானின் வாலிலிருந்து ஓர் அம்பை உள்ளே இழுக்கட்டும்.