முடியும் என்பதும் செய்வதும்

கணினியில் ஒரு வேலையைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமே ‘கணினித் தன்திறன் நம்பிக்கை’. இதன் வேர் உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் முன்வைத்த கோட்பாட்டில் இருக்கிறது. ஒரு செயலில் இறங்குவதையும், இடையூறு வந்தால் விடாமல் முயல்வதையும் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை, அந்தத் திறமை மீதுள்ள நம்பிக்கையும் தீர்மானிக்கிறது என்றார் அவர்.

இதை அளக்க 1989இல் வந்த 32 கேள்விப் பட்டியலொன்று ஃபிளாப்பி வட்டைச் சரியாகக் கையாளத் தெரியுமா என்றும் கேட்டது. ஃபிளாப்பியோடு அந்தக் கேள்வியும் காலாவதியானது. 1995இல் காம்போ, ஹிக்கின்ஸ் என்ற கனடா ஆய்வாளர்கள் எந்தக் கருவியின் பெயரையும் சொல்லாமல் 10 கேள்விகள் அமைத்தார்கள். அறிமுகமில்லாத ஒரு மென்பொருள் அலுவலக வேலைக்குத் தரப்படுகிறது. சொல்லித்தர யாருமே இல்லாவிட்டால் முடியுமா? கையேடு மட்டும் இருந்தால்? சிக்கிக்கொண்டால் கூப்பிட்டுக் கேட்க ஆள் இருந்தால்? முடியும் என்பவர், எவ்வளவு உறுதியாக என்பதற்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இட வேண்டும். எத்தனை ‘முடியும்’ என்பது நம்பிக்கையின் எல்லையையும், மதிப்பெண்கள் அதன் வலுவையும் காட்டும். எளிய, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஆனால் இது அளப்பது நம்பிக்கையை, திறமையை அல்ல. இணையத் திறனில் ஆண்களும் பெண்களும் பெரிதாக வேறுபடாதபோதும், பெண்கள் தங்களைக் குறைத்தே மதிப்பிட்டதாக ஹர்கிட்டாய், ஷேஃபர் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. 2013இல் பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஐசிஐஎல்எஸ் என்ற கணினித் திறன் தேர்வில் மதிப்பெண்ணில் முந்தியவர்கள் மாணவியர். இணையதளம் அமைப்பது போன்ற கடினமான வேலைகளில் நம்பிக்கை மிகுந்திருந்தவர்களோ ஆண் மாணவர்கள். ஆகவே, ‘உங்களுக்குத் தெரியுமா’ என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்பு காட்டும் ஆண்-பெண் இடைவெளியை அப்படியே திறன் இடைவெளியாகக் கொள்வது பிழை.

கணினி முன் உட்காரவைத்துச் செய்யச் சொல்வதே நேரான வழி. ஓஇசிடி அமைப்பின் வயதுவந்தோர் திறனாய்வு அப்படித்தான் நடக்கிறது. செலவு அதிகம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நடுவழியை எடுத்தது: ‘கடந்த 3 மாதங்களில் செய்தீர்களா?’ இதில் வாய்வீச்சுக்கு இடம் குறைவு. ஆனால் தெரிந்தும் தேவைப்படாததால் செய்யாதவர், தெரியாதவர் கணக்கில் போய்விடுகிறார்.