விடிஞ்சும் போகாத பேச்சு

குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சாம். எவன் சொன்னது?

ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில், ஹோஃப்ப்ராய்ஹவுஸ் என்றொரு பீர் மண்டபம். 1589இல் பவேரியாவை ஆண்ட கோமகன் ஐந்தாம் வில்ஹெல்ம், தன் அரண்மனைக்காக ஆரம்பித்த பீர் ஆலையிலிருந்து வந்தது. 1828இல்தான் சாதாரண சனத்துக்குக் கதவு திறந்தது. இன்னைக்கு உலகமே அங்கே போகுது. பித்தளை வாத்தியம் முழங்க லிட்டர் குவளையைத் தூக்கிக் குடிச்சுட்டு, படம் பிடிச்சுட்டுத் திரும்புது. குடிக்கட்டும். குடியைத் திட்ட இதை எழுதலை. கீழே குடிக்கிறவனுக்கு மாடியில் நடந்தது தெரியுமா என்பதே கேள்வி.

1920 பிப்ரவரி 24. மாடியிலிருக்கும் விழா மண்டபத்தில் ஏறத்தாழ 2000 பேர். ஹிட்லர் எழுந்து 25 அம்சத் திட்டத்தை அறிவித்தான். நாலாவது அம்சம்: ஜெர்மன் ரத்தம் உள்ளவனே குடிமகன், யூதன் குடிமகனாக முடியாது. எதிர்த்துக் கூச்சல் போட்டவர்களும் இருந்தார்கள். கைதட்டல் அதை அமுக்கியது. வெளியே இருந்த கனவான்களோ ‘பீர்க்கடைச் சத்தம்’ என்று ஒதுக்கினார்கள்.

பிறப்பை வைத்து மனுசனை அளந்த அந்த வாக்கியம் 15 வருசத்தில் சட்டமாச்சு. 1935 நியூரம்பர்க் சட்டம் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தது. அதை எழுதியது குடிகாரர்களா? படிச்ச அதிகாரிகள், வக்கீல்கள். தெளிஞ்ச புத்தியோடதான் எழுதினாங்க. அப்புறம் முகாம், விஷவாயு, 60 லட்சம் பிணங்கள்.

எல்லோருமா வாயை மூடிக்கிட்டிருந்தாங்க? இல்லை. அதே ஊரில் பியூர்கர்ப்ராய்கெல்லர் என்று இன்னொரு பீர் மண்டபம். 1923இல் ஆட்சியைப் பிடிக்க ஹிட்லர் துப்பாக்கியோடு புகுந்த இடம். பிறகு ஆண்டு விழாவுக்கு அங்கேயே வந்து பேசுவான். கியோர்க் எல்சர் என்ற தச்சுத் தொழிலாளி, 30க்கும் மேற்பட்ட ராத்திரிகள் அங்கே பதுங்கி, மேடைக்குப் பின்னிருந்த தூணைக் குடைந்து குண்டு வைத்தார். 1939 நவம்பர் 8. ஹிட்லர் 13 நிமிசம் முன்னாடியே கிளம்பிட்டான். எட்டுப் பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி அங்கே பரிமாறிய பெண். அந்தச் சாவையும் மறைக்கக் கூடாது. 1945 ஏப்ரல் 9இல் எல்சரை டாஹாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். பேராசிரியர்கள் பலருக்குப் புரியாதது ஒரு தச்சருக்குப் புரிந்தது.

1979இல் அந்த மண்டபத்தை இடிச்சாச்சு. அங்கே தரையில் எல்சர் பெயரில் ஒரு தகடு இருக்கு. குவளையைத் தேடிப் போறவன்ல எத்தனை பேர் அந்தத் தகட்டைத் தேடிப் போறான்?

தோழர்களே, வெறுப்பு மேடையேறும்போது ‘வெறும் பேச்சுதானே’ என்று சிரிக்கிறவன்தான் அதுக்கு முதல் காவல்காரன். அது விடிஞ்சாப் போகாது. சட்டப் புத்தகத்துக்குள்ள போய் உட்காரும். தூணைக் குடையும் நிலைமை வரும்வரை காத்திருக்காதே. கூட்டத்துக்குள்ளேயே எழுந்து நின்னு கேள்வி கேள்!