பழைய கணினிக்கு ஆயுள் உண்டு

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற டி.பி.எம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். இவை இல்லாததால், நன்றாக ஓடும் கணினிகளும் காயலான் கடைக்குப் போகும் நிலை. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கணினியின் ஆயுளை ஒரு நிறுவனம் தீர்மானிப்பதை அரசுகள் ஏற்கக் கூடாது.

மாற்று கைவசம் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸும் சேர்ந்து உருவான இயங்குதளத்தை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம். அதன் எளிய வடிவங்கள் 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியிலும் தடையின்றி ஓடும். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக இதில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன.

நிறுவிக் கொடுப்பதோடு வேலை முடியாது. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி வேண்டும். பிரின்டர் மக்கர் செய்தால் சரிசெய்ய ஆள் வேண்டும். அரசின் இணையச் சேவைகள் எல்லா பிரவுசரிலும் இயங்க வேண்டும். உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தை இதற்குச் செலவிடலாம். தமிழக அரசு பள்ளிக் கணினி ஆய்வகங்களிலிருந்து இந்த மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.